கைக்கு அனுமதி, தலைமைக்குத் தடை

செகந்திராபாத்தை அடுத்த போலாரம், பூனா போன்ற கண்டோன்மென்டுகளில் பிரிட்டிஷ் அதிகாரிகள் கிரிக்கெட் ஆடினர். புல்வெட்டுவதும் ஆடுகளத்தை உருட்டிச் சமன் செய்வதும் இந்தியத் தொழிலாளர்களின் வேலை. 1876இல் தோல் தொழில் செய்யும் தலித் சமூகத்தில் பிறந்த பல்வங்கர் பாலூ, அப்படித்தான் பூனாவின் ஐரோப்பியர் மன்றத்தில் மாதம் நான்கு ரூபாய் கூலிக்குச் சேர்ந்தார். அதிகாரிகளுக்கு மணிக்கணக்கில் பந்து வீசினார். மட்டை பிடிக்கும் வாய்ப்பு அவருக்குத் தரப்படவில்லை.

அவரது இடதுகைச் சுழற்பந்து வெள்ளையரை வெல்ல உதவும் என்பதால் பூனாவின் இந்து அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. ஆனால், தேநீர் இடைவேளையில் அவருக்கு வெளியே மண்குவளை. உணவுக்குத் தனி மேசை. 1911 இங்கிலாந்துப் பயணத்தில் 114 விக்கெட்டுகள் வீழ்த்திய பிறகும் இந்து அணியின் தலைமைப் பதவி அவருக்கு வழங்கப்படவில்லை. 1920இல் தலைமை மறுக்கப்பட்டதை எதிர்த்து அவரது சகோதரர்கள் விட்டலும் சிவராமும் அணியிலிருந்து விலகி, பகிரங்க அறிக்கை வெளியிட்டனர். 1923இல் விட்டல் தலைவரானார், அணி வென்றது.

உழைப்பவனின் கைத்திறனைப் பயன்படுத்திக்கொண்டு, அவனது தலைமையை மறுப்பதே சாதியத்தின் இயல்பு. அமெரிக்க நிறவெறியும் இதற்குச் சளைத்ததன்று. கிரிக்கெட்டின் விக்கெட் கீப்பரைப் போல மட்டையாளருக்குப் பின்னே நின்று பந்து பிடிக்கும் பேஸ்பால் வீரர் ஜோஷ் கிப்சன், கறுப்பினத்தவருக்கான தனி லீக்குகளிலேயே ஆட நேர்ந்தது. 1947 ஜனவரியில், 35ஆம் வயதில் அவர் இறந்தார். மூன்று மாதங்களில் ஜாக்கி ராபின்சன் அந்த நிறத்தடையைத் தகர்த்து மேஜர் லீக்கில் களமிறங்கினார். அத்தடைக்கு எதிராக 1936 முதலே அமெரிக்கக் கம்யூனிஸ்ட் நாளேடான ‘டெய்லி ஒர்க்கர்’ இயக்கம் நடத்திவந்தது. கிப்சனின் சாதனைகள் மேஜர் லீக்கின் அதிகாரப்பூர்வ ஏட்டில் ஏறியதோ 2024இல்தான்!

இறந்தவருக்குச் சூட்டும் மாலை நீதியாகாது. 2021 டோக்கியோ ஒலிம்பிக் அரையிறுதியில் இந்திய மகளிர் ஹாக்கி அணி தோற்றதும், வந்தனா கட்டாரியாவின் வீட்டின் முன் சாதிவெறியர்கள் பட்டாசு வெடித்து வசைபாடினர். மண்குவளை இன்னும் உடையவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

அரசுப் பள்ளிகளுக்கு மைதானமும் பயிற்றுநரும் வேண்டும். தேர்வுக் குழுக்களிலும் நிர்வாகத்திலும் ஒடுக்கப்பட்டோருக்கு இடம் வேண்டும். விட்டலுக்குத் தலைமை கருணையால் கிடைத்துவிடவில்லை; சகோதரர்கள் துணிந்து வெளியேறியதும் அதற்கு வழி வகுத்தது. இன்றும் வழி அதுவே.