வராதவர் வாக்கு யாருக்கு லாபம்?

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வீட்டு உரிமையாளர் சங்கம் வெறும் பொழுதுபோக்கு மன்றமல்ல. அது சந்தா விதிக்கும், அபராதம் போடும். சந்தா பாக்கி 1,800 டாலரை எட்டினால், அல்லது ஓராண்டைத் தாண்டினால், வீட்டையே ஏலத்துக்குக் கொண்டுவரும்.

இந்தச் சங்கத்தின் நிர்வாகக் கமிட்டித் தேர்தலுக்குப் பல இடங்களில் கோரம் விதி உண்டு. கோரம் சேராவிட்டால் தேர்தலில்லை. பழைய கமிட்டியே நாற்காலியில் நீடிக்கும். ஜனங்களின் அசிரத்தை பதவியிலிருப்போருக்கு ஆதாயமாயிற்று!

2024 ஜனவரியில் புதிய சட்டம் அமுலுக்கு வந்தது. கோரமின்றி நின்ற தேர்தல் கூட்டத்தைக் குறைந்தது 20 நாட்கள் கழித்து மீண்டும் கூட்டலாம். அப்போது 20 சதவீதம் போதும். முட்டுக்கட்டை நீங்கியது வாஸ்தவம். ஆனால் 100 வீடுகளில் 20 வீட்டார் தேர்ந்தெடுக்கும் கமிட்டி மற்ற 80 வீட்டாரையும் ஆளும்!

மேலும், அங்கே வாக்கு மனிதனுக்கல்ல, பொதுவாக வீட்டுக்கே. பத்து வீடு உள்ளவருக்குப் பத்து வாக்கு. வாடகைக் குடித்தனக்காரருக்கு ஒன்றுமில்லை. இந்த அநீதியைப் புதிய சட்டம் தொடவில்லை.

ரகசிய வாக்குச்சீட்டு 30 நாட்கள் முன்பே அனுப்பப்பட வேண்டும் என்பது சட்டம். நிரப்பி அனுப்பும் ஒவ்வொரு சீட்டும் கோரத்தில் சேரும். கோரத்தைக் குறைப்பதல்ல, அதை நிரப்புவதே ஜனநாயகம்.