ஆலோசகரின் நாற்காலி

அமெரிக்கக் கல்லூரிகளில் இதழியல் ஆசிரியர் பலருக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு: மாணவர் செய்தித்தாளின் ஆலோசகர். அவர் யோசனை சொல்லலாம். எதை அச்சிடுவது என்ற முடிவு இதழாசிரியராக இருக்கும் மாணவருடையது. ஆனால், நிர்வாகத்தை உறுத்தும் செய்தி வந்துவிட்டால் முதல் அழைப்பு ஆலோசகருக்குத்தான். மாணவர் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவார். ஆசிரியரோ அதே நிர்வாகத்திடம் சம்பளம் வாங்குபவர்.

மிசூரி மாநிலப் பள்ளி முதல்வர் ஒருவர் மாணவர் இதழின் இரண்டு பக்கங்களை நீக்கியது செல்லும் என்று 1988-இல் ஹேசல்வுட் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கல்லூரிக்கும் இது பொருந்துமா என்பதைத் தீர்க்காமல் விட்டது. நிர்வாகங்களுக்கு அந்த மௌனம் வசதிதான்.

கலிஃபோர்னியா 2008-இல் ஒரு சட்டம் இயற்றியது. மாணவரின் கருத்துரிமைக்குத் துணை நின்றதற்காக ஆசிரியரைப் பணிநீக்கமோ இடமாற்றமோ செய்யக் கூடாது என்றது. மாணவரை மிரட்ட வழியில்லாதபோது ஆசிரியரின் வேலையில் கைவைக்கும் தந்திரம் அந்தச் சட்டமன்றத்துக்குப் புரிந்திருந்தது. இத்தகைய பாதுகாப்பு இல்லாத மாநிலங்களில், முப்பது ஆண்டு பணியாற்றிய ஆலோசகர்கூட ஒரே ஒரு தலைப்புச் செய்திக்காக நாற்காலியை இழக்கலாம். கலிஃபோர்னியாவின் வாசகத்தை எடுத்துக்கொள்ள அந்தச் சட்டமன்றங்களுக்கு என்ன தயக்கம்?