கெடுவுக்குள் ஒரு போர்
'ரோம்: டோட்டல் வார்' கணினி விளையாட்டில் நேரக்கெடு வைத்து ஆடுபவர்களைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. ஈட்டிப்படையை வரிசைகட்டி அழகு பார்ப்பதிலேயே பாதி நேரம் போய்விடுகிறது. கெடு முடிந்தால் தாக்க வந்தவன்தான் தோற்றவன். தற்காப்பவனுக்குச் சும்மா நின்றாலே வெற்றி. தாக்குபவனும் எல்லோரையும் வெட்டிச் சாய்க்க வேண்டியதில்லை. காலாட்படை முன்னால் பிடித்து நிறுத்தட்டும், குதிரைப்படை சுற்றிப்போய் எதிரித் தளபதியின் மேல் பாயட்டும்; அவன் விழுந்தால் மிச்சப் படையின் மனம் உடைந்துவிடும். கி.மு. 331இல் கௌகமேலாப் போரில் அலெக்சாண்டர் நேரே பாரசீக மன்னன் டேரியஸை நோக்கிப் பாய்ந்ததும் இந்தக் கணக்கில்தான். ஓடுகிறவனைத் துரத்தும் ஆசை இருக்கிறதே, அதுதான் பொல்லாதது. இடது அணியில் தன் தளபதி பார்மெனியன் திணறுகிறான் என்றதும் அலெக்சாண்டரே துரத்தலை விட்டுத் திரும்பினான் என்கிறார் வரலாற்றாசிரியர் அர்ரியன். நம் கணினித் தளபதிகளோ முற்றுகையில் பிடித்து வைத்தாலே வெற்றி தரும் நகரச் சதுக்கத்தைப் பிடிக்காமல் கடைசி வில்லாளியைத் தேடி அலைகிறார்கள்.