முகப்பூச்சில் இருந்த விஷம்

பண்டைய சீனத்தை ஒத்த ஒரு கற்பனை ராஜ்யத்தின் அந்தப்புரத்தில், சக்கரவர்த்திக்குப் பிறந்த சிசுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாண்டுபோகின்றன. சாபம் என்று ஊழியக்காரிகள் கிசுகிசுக்கிறார்கள். அரண்மனை வைத்தியருக்கோ காரணம் விளங்கவில்லை. தாசியர் வீதியில் ஒரு மருந்துக்காரரிடம் வளர்ந்து, ஆள்பிடிப்போர் கையில் சிக்கி, அரண்மனைப் பணிப்பெண்ணாக விற்கப்பட்ட மாவ்மாவ் என்னும் இளம்பெண் மட்டும், இரு தேவியரின் உடல்நிலையையும் அவர்களுடைய குழந்தைகளின் நோய்க்குறிகளையும் சேர்த்து யோசித்து, வெள்ளை முகப்பூச்சே விஷம் என்று கண்டுகொண்டு, அதை ஒரு துண்டுத் துணியில் எழுதி, பூங்கொம்பில் கட்டி, யாரும் அறியாமல் சாளரத்தில் வைத்துவிட்டுப் போகிறாள்.

ஹியூகா நட்சு எழுதிய ஜப்பானிய நாவல் வரிசையிலிருந்து உருவாகி, 2023 அக்டோபரில் ஒளிபரப்பாகத் தொடங்கிய ‘தி அப்போதகரி டைரீஸ்’ என்னும் அனிமே தொடரின் ஆரம்பம் இது. மர்மக் கதைகளில் இதற்குச் சிறப்பானதோர் இடம் உண்டு என்பது என் அபிப்பிராயம். ஏனெனில் இங்கே கொலைகாரன் என்று ஒருவனும் இல்லை.

கதை கற்பனை, விஷமோ உண்மை. ஜப்பானில் காரீயத்திலிருந்து செய்த வெண்பொடியைப் பெண்களும் காபுகி நடிகர்களும் தலைமுறை தலைமுறையாக முகத்திலும் கழுத்திலும் பூசி வந்தார்கள். 1887-இல் மெய்ஜி சக்கரவர்த்தியின் முன்னிலையில் நடித்த நகமுரா ஃபுகுசுகே என்னும் புகழ்பெற்ற நடிகரின் கால்கள் மேடையிலேயே நடுங்கின. ஈய விஷமே காரணம் என்ற பேச்சு தேசமெங்கும் பரவிற்று. ஆயினும், தீங்கான சாயப்பொருள்களைக் கட்டுப்படுத்த 1900-இல் பிறந்த சட்டம், முகப்பூச்சிலுள்ள காரீயத்துக்கு மட்டும் தற்காலிகம் என்று சொல்லி விலக்களித்தது. அந்தத் தற்காலிகம் 1930கள் வரை நீண்டது. இதற்கிடையே கைக்குழந்தைகள் பலர், மூளைக் காய்ச்சல் போன்றதொரு நோயால் வலிப்புக் கண்டு மடிந்துகொண்டிருந்தார்கள். கியோட்டோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்தின் குழந்தை மருத்துவப் பேராசிரியர் ஹிராய் இகுதாரோ 1923-இல்தான், அது தாய்மார்களின் முகப்பூச்சால் நேர்ந்த ஈய விஷம் என்று நிரூபித்தார். பால் குடிக்கும் குழந்தை தாயின் மேனியிலிருந்து விஷத்தையும் சேர்த்து உண்டிருக்கிறது. பெரியவர்களை வாட்டும் பொருள் இன்னதென்று தெரிந்த பின்னும் அது முப்பத்தாறு வருஷங்கள் கண்டறியப்படாமல் தொட்டிலருகே இருந்திருக்கிறது என்பதை எண்ணும்போது என் மனம் ஆறுவதாயில்லை.

இந்த வேதனையைத் தொடர் நன்கு உணர்ந்திருக்கிறது. எச்சரிக்கையை ஏற்ற தேவியின் குழந்தை பிழைக்கிறது. மற்றவளான லிஹுவாவின் மகன் இறந்துவிடுகிறான். சக்கரவர்த்தியே அந்தப் பூச்சைத் தடைசெய்த பிறகும் லிஹுவா தேறாமல் மெலிந்துகொண்டே போக, சிகிச்சைக்கு அனுப்பப்பட்ட மாவ்மாவ், தன் எஜமானி அழகாக இருக்கவேண்டுமென்று ஒரு பணிப்பெண் அதே பொடியை இன்னமும் பூசிவருவதைக் கண்டு, கோபம் தாளாமல் அவளை அறைந்துவிடுகிறாள். தொடரிலேயே என்னை மிகவும் உலுக்கிய காட்சி அதுதான். அந்தப் பணிப்பெண்ணின் நெஞ்சில் துரோகம் இல்லை, பக்தியே இருக்கிறது. அடிமையாய் வந்தவளின் சொல்லைக் கேட்கவேண்டும் என்ற எண்ணம் மட்டும் அவளுக்கு உதிக்கவில்லை.

பிற்பகுதியில் வேறொரு குழந்தையின் மரணத்துக்குத் தேன் காரணமாகிறது. அதைக் கொடுத்தவளும் அன்போடுதான் கொடுக்கிறாள். தேனில் சில வேளை இருக்கும் ஒருவகை நுண்ணுயிரின் வித்துகள் சிசுவின் குடலில் முளைத்து, உடலைத் தளரச் செய்யும் நஞ்சை உண்டாக்கும் என்பதை மருத்துவ உலகம் 1976-இல்தான், அமெரிக்காவில் கண்ட நோயாளிக் குழந்தைகளைக் கொண்டு, தெளிந்துகொண்டது. ஆகவே ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் ஆகாது.

பிறந்த குழந்தையின் நாவில் தேன் தொட்டு வைக்கும் வழக்கம் நம் வீடுகளிலும் இருக்கிறது. குடும்பத்திலேயே நல்ல மனசுள்ளவர், கைராசிக்காரர் என்று பேர்பெற்ற மூத்தவரைத் தேடி அழைத்து அதைச் செய்விக்கிறோம். பெரியவர்கள் எல்லாரும் கூடியிருக்கும் அந்த அறையின் வாசற்படியில் நின்று, தாயையும் சேயையும் பார்க்க வந்த கிராமச் சுகாதாரச் செவிலி, வயதில் எல்லாருக்கும் இளையவள், “ஒரு வருஷம் ஆகட்டும் பாட்டி, இப்போ தேன் வேண்டாம்” என்கிறாள்.