அம்மா, இதுவாவது சாப்பிடலாமா?



வெளிநாடு கிளம்புகிறவர்களுக்கு ஆயிரம் கவலை. பாஸ்போர்ட், பெட்டி, பணம் மாற்றுவது என்று பட்டியல் நீளும். ஆனால் எல்லாச் சாப்பாடும் ஒத்துக்கொள்ளாத குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு கிளம்பும் தாய்க்கு ஒரே ஒரு கவலைதான்: 'அங்கே இவளுக்கு என்ன கொடுப்பேன்?' இந்த முறை அதைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

என் மகளுக்கு ஏழு வயது. அவளுக்கு இறால் ஆகாது. பிடிக்காது என்று அர்த்தமில்லை. நாலு வயதில், ஒரு விருந்தில், ஒரே ஒரு வாய் இறால் தொக்கு. சற்று நேரத்துக்கெல்லாம் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, இரவு முழுவதும் வைத்துப் பார்த்துத்தான் அனுப்பினார்கள். "இறாலும் நண்டும் அறவே கூடாது. மீன் கொடுக்கலாம்" என்றார் டாக்டர். அன்றிலிருந்து எந்தப் பந்தியில் உட்கார்ந்தாலும், இலையைத் தொடுமுன் என் முகத்தைத்தான் பார்ப்பாள். நான் தலையாட்டினால்தான் கை வாய்க்குப் போகும். பார்க்கும்போதே மனசு கஷ்டப்படும்.

இப்படிப்பட்டவளை அழைத்துக்கொண்டு மே மாத விடுமுறையில் பாங்காக் போவது என்று முடிவானதும் என் மாமியார், "அந்த ஊர்ல எதைத் தொட்டாலும் இறால்னு சொல்றாங்களே! பேசாம புளிச்சோறு கட்டிக்கிட்டுப் போ தாயி" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. தாய்லாந்துச் சமையலில் இறால் கண்ணுக்குத் தெரிந்தும் வரும், தெரியாமலும் வரும்.

அதனால்தான் தெருவோரக் கடைகளைத் தேடாமல், அதே பதார்த்தங்கள் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும் 'ஓ தோ கோ' அங்காடிக்குப் போனோம். விவசாயிகளுக்கான அரசு விற்பனை நிறுவனம் நடத்துவது. சுரங்க ரயிலில் கம்பேங் பெட் ஸ்டேஷனில் இறங்கி மேலே வந்தால் பக்கத்திலேயே இருக்கிறது. புகழ்பெற்ற சதுசக் வாரச் சந்தையும் அருகில்தான். வெயில் இல்லை, சேறு இல்லை. முக்கியமாக, வாங்குவதற்கு முன் ஒரு சுற்று நிதானமாகச் சுற்றிப் பார்க்க முடிகிறது. அலர்ஜி உள்ள குழந்தையின் தாய்க்கு இது பெரிய சௌகரியம்.

பழக்கடைகளில் மாம்பழமும் டுரியானும் மலை மலையாகக் குவிந்திருக்கின்றன. அதைத் தாண்டினால் குழம்புக் கடைகள். தட்டுத் தட்டாகப் பச்சை, சிவப்பு, மஞ்சள் நிறங்களில் தேங்காய்ப்பால் குழம்புகள். பார்க்க நம் வீட்டுக் குருமா மாதிரி இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள்! பெரும்பாலும் இவற்றுக்கு அரைக்கும் மசாலாவில் 'கபி' சேர்க்கிறார்கள். இறாலை உப்புப் போட்டுப் புளிக்கவைத்து அரைத்த விழுது அது. குழம்பில் கரைந்த பிறகு எந்தக் கண்ணுக்கும் தெரியாது.

அடுத்து 'சோம் தம்'. சோம் என்றால் புளிப்பு, தம் என்றால் இடிப்பது. பச்சைப் பப்பாளித் துருவல், பூண்டு, மிளகாய், பனைவெல்லம், எலுமிச்சை, மீன் சாறு எல்லாவற்றையும் மண் உரலில் போட்டு மர உலக்கையால் 'டொக் டொக்'கென்று இடிக்கிறார்கள். வழக்கமாக அதில் உலர்ந்த இறாலும் வறுத்த வேர்க்கடலையும் விழும். "இறால் போடாமல் தாருங்கள்" என்றால் தருவார்கள்தான். ஆனால் நான் பார்த்தது வேறு. எனக்கு முன்னால் நின்றவருக்கு இறால் போட்டு இடித்த அதே உரலில், அதே உலக்கையால், அடுத்தவருக்கும் இடித்தார்கள். அங்கேதான் எனக்கு விஷயம் விளங்கியது. என்ன போடுகிறார்கள் என்று பார்த்தால் மட்டும் போதாது. எதில் செய்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும்.

'பத் தாய்' நூடுல்ஸ் கடையிலும் இதே கதைதான். ஹோட்டலில் சொல்லி, 'இந்தக் குழந்தைக்கு இறால், நண்டு, கபி ஆகாது. சிறிது பட்டாலும் ஆபத்து' என்று தாய் மொழியில் ஒரு அட்டையில் எழுதி வாங்கியிருந்தேன். அதை நீட்டினேன். கடைக்காரப் பெண் படித்தாள். தன் வாணலியைப் பார்த்தாள். "முடியாது" என்று தலையாட்டிவிட்டாள். வியாபாரம் போகிறதே என்று நினைக்காத அந்தப் பெண்ணுக்கு மனதார ஒரு கும்பிடு போட்டேன்.

"இதுவாவது சாப்பிடலாமா அம்மா?" என்று மகள் காட்டிய இடத்தில் பார்த்தால், அடேயப்பா, நம் பணியாரக்கல்! 'கனோம் க்ரோக்' என்று பெயர். க்ரோக் என்றால் உரல். உரல் போன்ற குழிகளில் வேகிற பலகாரம். அரிசி மாவும் தேங்காய்ப்பாலும்தான். மேலே வெங்காயத்தாளோ சோளமோ தூவுகிறார்கள். கடைக்கார அம்மாள் அட்டையைப் படித்து, கையைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு பாத்திரமாகத் திறந்து காட்டினார். மாவு, தேங்காய்ப்பால், சர்க்கரை, உப்பு, வெங்காயத்தாள், சோளம். கல்லைக் காட்டி, வேறு எதுவும் இதில் செய்வதில்லை என்று சைகை காட்டினார்.

மகள் வழக்கம்போல என் முகத்தைப் பார்த்தாள். "சாப்பிடு கண்ணு" என்றேன். ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் கூழாக, இனிப்பும் உப்பும் கலந்து... ஆறு சாப்பிட்டாள்! "நீயும் சாப்பிடும்மா, நல்லாருக்கு" என்று எனக்கு ஊட்டினாள். எப்போதும் 'கூடாது' கேட்கிற குழந்தை, பிறருக்கு ஊட்டும் சந்தோஷத்தை என்னவென்று சொல்வேன்!

பிறகு மாம்பழமும் 'காவ் நியாவ்' சோறும். செட்டிநாட்டுக் கவுனி அரிசி போல ஒட்டும் இந்த அரிசியை ஊறவைத்து ஆவியில் வேகவைத்து, இனிப்புத் தேங்காய்ப்பாலில் புரட்டி, வறுத்த பாசிப்பருப்பு தூவித் தருகிறார்கள். அதையும் கேட்டுத்தான் வாங்கினோம். என் கணவர் மட்டும் பத் தாய் கடையை விடவில்லை. சாப்பிட்ட கையையும் வாயையும் கழுவாமல் குழந்தையைத் தொடவிடவில்லை நான்!

இப்படிப்பட்ட பயணம் போகும் தாய்மார்கள் மனதில் வைக்க வேண்டியவை:

1. டாக்டர் எழுதித் தந்த மருந்து கைப்பையிலேயே இருக்கட்டும். ஹோட்டல் அறைப் பெட்டியில் அல்ல.

2. அட்டையை அந்த ஊர் மொழியில் எழுதி வாங்குங்கள். நாம் உச்சரிக்கும் வார்த்தை புரியாமலும் தலையாட்டுவார்கள்.

3. பத்துப் பதார்த்தம் செய்யும் கடையைவிட ஒரே பதார்த்தம் செய்யும் கடை மேல். கல், வாணலி, எண்ணெய், கரண்டி எல்லாவற்றையும் பாருங்கள்.

4. சந்தேகம் என்றால் வேண்டாம். உரித்துத் தின்னும் பழம் இருக்கவே இருக்கிறது.

5. உதடு வீக்கம், தடிப்பு, இருமல், மூச்சுத் திணறல் கண்டால் காத்திருக்காதீர்கள். டாக்டர் சொல்லித் தந்தபடி உடனே மருந்து, உடனே ஆஸ்பத்திரி. தாய்லாந்தில் ஆம்புலன்ஸ் எண் 1669. நம் ஊரில் 108.

வீட்டிலேயே செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு, நம் பணியாரக்கல்லில் நான் செய்யும் கனோம் க்ரோக்:

பச்சரிசி மாவு 1 கப், இரண்டாம் தேங்காய்ப்பால் 2 கப், சாதம் 2 டேபிள்ஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை. எல்லாவற்றையும் நைசாக அரைத்து அரை மணி நேரம் வையுங்கள். தனியாக, கெட்டித் தேங்காய்ப்பால் 1 கப்பில் சர்க்கரை 3 டேபிள்ஸ்பூன், அரிசி மாவு 1 டேபிள்ஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன் கலந்துகொள்ளுங்கள். கல் நன்றாகக் காய்ந்ததும் எண்ணெய் தடவி, குழியில் முக்கால் பாகம் மாவு ஊற்றுங்கள். ஓரம் வேகத் தொடங்கியதும் மேலே ஒரு ஸ்பூன் தேங்காய்ப்பால் கலவை; பொடியாக நறுக்கிய வெங்காயத்தாள் தூவி மூடிவையுங்கள். திருப்பிப் போடக் கூடாது. அடி சிவந்து, நடுப்பாகம் இறுகி வரும்போது எடுத்து, இரண்டு இரண்டாகச் சேர்த்துச் சூடாகக் கொடுங்கள்.

சென்ற வாரம் இதைச் செய்தேன். மாமியார் ஒன்று எடுத்துப் போட்டுக்கொண்டு, "நம்ம பணியாரத்துக்கு அக்கா மகளாட்டம் இருக்கு!" என்றார். உங்கள் வீட்டில் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.