இல்லத்து இணையமும் அலுவலக மடிக்கணினியும்

மைசூரு நகரின் ஹெப்பாள் தொழிற்பகுதியில் இன்போஸிஸ் நிறுவனத்தின் பெரும் பயிற்சி வளாகம் அமைந்துள்ளது. 2020 மார்ச் 25-ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியபோது, இத்தகைய வளாகங்களின் பணிகள் ஊழியரின் இல்லங்களுக்கு மாறின. அவ்வாண்டு நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை தன் விதிகளைத் தளர்த்தியது. 2022 ஜூலையில் சிறப்புப் பொருளாதார மண்டல விதிகளிலும் இல்லப்பணிக்கு இடமளிக்கப்பட்டது. அவசர ஏற்பாடாக வந்தது இவ்வாறு நிலைபெற்ற முறையாயிற்று. எனினும், ஊழியரின் இல்லத்தில் அலுவலகத்தின் பார்வை எதுவரை செல்லலாம் என்னும் வினாவுக்குத் தெளிவான விடை பலருக்குக் கிட்டவில்லை.

இணையக் கட்டணம் செலுத்துபவர் தாமே. ஆதலால் அதில் செய்வதெல்லாம் அந்தரங்கம் என்று பலர் கருதுகின்றனர். இது பிழை. கண்காணிப்புக்குரிய இடம் இணைப்பன்று, கருவியே ஆகும். அலுவலகம் நிர்வகிக்கும் கணினியில் எந்த மென்பொருள் இயங்க வேண்டும் என்பதை அலுவலகமே தீர்மானிக்கிறது. தொலைவிலிருந்தே அதனைப் பூட்டவும், அதிலுள்ளவற்றை அழிக்கவும் அதற்கு இயலும். அலுவலகம் பதித்துள்ள நம்பகச் சான்றிதழின் துணைகொண்டு, சங்கேத வடிவில் செல்லும் செய்தியையும் இடையில் பிரித்து நோக்கலாம்.

இதற்கு எதிரான அச்சமும் மிகையானதே. அதே இல்லத்தில் பிறர் கைபேசியில் பார்ப்பவை சாதாரணமாக அக்கணினி வழியே செல்வதில்லை. ஆயினும், ஒரே வலையில் இணைந்துள்ள தொலைக்காட்சி, அச்சுப்பொறி முதலிய கருவிகள் இன்னவை என்பதை அக்கணினி அறியக்கூடும்.

இவ்வுறவில் ஆபத்து இருபுறமும் உண்டு. தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல் மாற்றப்படாத ரௌட்டர், அயலார் உட்புக வழி திறந்து விடுகிறது. அதனை மாற்றுதலும், ரௌட்டரின் மென்பொருளைப் புதுப்பித்தலும், விருந்தினர்க்கென அமைந்த தனி வலையில் அலுவலகக் கணினியை இணைத்தலும் ஊழியரின் கடமை. சொந்த வங்கிக் கணக்கு, மருத்துவக் குறிப்பு ஆகியவற்றை அக்கணினியில் திறவாதிருத்தல் நன்று. அரசு வழங்கிய கணினியை இல்லத்தில் உபயோகிக்கும் ஆசிரியர்களுக்கும் களப்பணியாளருக்கும் இது பொருந்தும்.

நிறுவனத்தின் கடமை இதனினும் பெரிது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். 2023-ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, வேலை தொடர்பான சில நோக்கங்களுக்கு ஊழியரின் சம்மதமின்றியே அவர்தம் விவரங்களைக் கையாள இடமளிக்கிறது. சம்மதம் வேண்டாம் என்பதனால் அறிவித்தலும் வேண்டாம் என்று கொள்வது நீதியாகாது. எவை பதிவாகின்றன, எவர் பார்ப்பர், எத்தனை நாள் காக்கப்படும் என்பவற்றை, ஊழியருக்கு விளங்கும் மொழியில் ஒரு தாளில் எழுதிக் கணினியுடனேயே கொடுத்தல் வேண்டும். அத்தாள் இல்லாத கணினியை முறையாக ஒப்படைக்கப்பட்ட கருவி என்று கருதலாகாது.