நான்கு காரணிகளும் ஒரு களத்து நெல்லும்

பள்ளிக்கூடத்தில் பொருளாதாரப் பாடம் எங்கே தொடங்குகிறது? உற்பத்திக் காரணிகளில் தொடங்குகிறது. நிலம், உழைப்பு, மூலதனம், அமைப்பு என நான்கு. நிலத்துக்கு வாரம், உழைப்புக்குக் கூலி, மூலதனத்துக்கு வட்டி, அமைப்பாளருக்கு லாபம். மாணவர்கள் இதை வாய்ப்பாடு போல ஒப்பிக்கிறார்கள், மதிப்பெண் வாங்குகிறார்கள். நான்கு பேர் கூடிப் பொங்கல் வைத்தார்கள், நான்கு பேரும் பகிர்ந்து உண்டார்கள் என்பது போல விஷயம் சுமுகமாக முடிந்துவிடுகிறது!

கீழத் தஞ்சையில் நாற்று நடும் ஒரு தாயின் மகளும் இந்தப் பாடத்தைத்தான் படிக்கிறாள். தன் தாய் வாங்கும் கூலி ஒரு 'வெகுமதி' என்று அவளுக்குச் சொல்லப்படுகிறது. நடவுக்கே வராதவர் பெறும் வாரமும் வெகுமதிதான். இரண்டும் ஒரே பட்டியலில், பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் இருக்கின்றன. இது சாதாரண விஷயமல்ல. உலகத்தை எப்படிப் பார்ப்பது என்று ஒரு குழந்தைக்குக் கொடுக்கும் முதல் கண்ணாடி இது.

'வாரம்' என்ற சொல்லையே எடுத்துக் கொள்வோம். பாடத்தில் அது ஒரு இலக்கணம். காவிரிப் பாசன ஊர்களிலோ அது களத்தில் அளந்து போட்ட நெல். மேல்வாரம் மிராசுதாருக்கு, குடிவாரம் உழுதவனுக்கு. 1952-இல் தஞ்சைச் சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது, கண்டுமுதலில் சாகுபடிதாரனுக்கு 100-க்கு 40 என்று வைத்தார்கள். 1956-ஆம் ஆண்டு நியாய வாரச் சட்டம் நன்செய் நிலத்தில் அதை 60 ஆக்கியது. பிற்காலத் திருத்தம் 75 ஆக்கியது. (ஏட்டில் எழுதிய பங்கு எல்லாக் களங்களிலும் அளக்கப்பட்டதா என்பது வேறு கதை.)

நாம் கேட்கிறோம்: அந்த நான்கு ஆண்டுகளில் தஞ்சை மண்ணின் சாரம் வற்றிவிட்டதா? நிலம் 1952-இல் செய்த வேலையைத்தான் 1956-இலும் செய்தது. மாறியது நிலத்தின் பங்களிப்பல்ல. சங்கமாகத் திரண்ட விவசாயிகளின் பலம் மாறியது, அதையொட்டிச் சட்டம் மாறியது. நிலம் உற்பத்தியில் ஈடுபடுகிறது, உண்மை. நிலத்துச் சொந்தக்காரர் ஈடுபடுகிறாரா? இந்த ஒரு கேள்வியை வகுப்பில் கேட்டுவிட்டால் பாதிப் பாடம் நடந்துவிட்டது.

கூலி விஷயமும் இப்படியே. தேவையும் அளிப்பும் சந்திக்கும் இடத்தில் கூலி நிர்ணயமாகிறது என்று கரும்பலகையில் இரண்டு கோடுகள் போடுகிறார்கள். கூலி உயர்வு கேட்டுச் சங்கம் சேர்ந்த வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அந்தக் கோடுகளில் இது எங்கே வருகிறது?

காரணிகளை மூன்றாக வகுத்துப் பரப்பியவர் பிரெஞ்சு அறிஞர் சே. அவருடைய நூல் 1803-இல் வந்தது. 1890-இல் மார்ஷல் அமைப்பையும் சேர்த்தார். 1894-இல் வெளியான 'மூலதனம்' மூன்றாம் பாகத்தில் மார்க்ஸ் இந்த மூன்றின் சூத்திரத்தைப் பிரித்துக் காட்டினார். பொருளையும், பொருளை உடைமையாக வைத்திருக்கும் உறவையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதே அதிலுள்ள கோளாறு.

நம் பக்கத்துத் தவறையும் சொல்ல வேண்டும். ஆசிரியத் தோழர்கள் சிலர் ஆர்வ மிகுதியால், "உழைப்பு ஒன்றே செல்வத்தின் மூலம், மற்றதெல்லாம் பொய்" என்று போதித்துவிடுகிறார்கள். இது சரியல்ல. 1875-இல் ஜெர்மன் தோழர்களின் கோதா வேலைத்திட்டத்தில் இதே வாசகம் இருந்தபோது, இயற்கையும் செல்வத்தின் ஊற்றுதான் என்று மார்க்ஸ் திருத்தினார். தண்ணீர் வராமல் பயிர் கருகியதைப் பார்த்த பிள்ளை நம்மைவிட நன்றாக அறியும்.

ஆகவே எப்படி நடத்துவது? அறுவடை யந்திரத்தைக் காட்டுங்கள். இதைச் செய்தது யார், ஓட்டுவது யார், மணிக்கு இவ்வளவு என்று வாடகை வாங்குவது யார் என்று கேளுங்கள். மூன்று பதில்களும் மூன்று ஆட்கள். மூலதனம் என்பது யந்திரமா, யந்திரத்தின் மீதுள்ள உரிமையா என்று பிள்ளைகளே வாதாடட்டும். ஒன்பதாம் வகுப்புக்கென மத்திய பாடநூல் நிறுவனம் 2006-இல் வெளியிட்ட புத்தகத்தில் பாலம்பூர் என்ற கற்பனைக் கிராமம் வருகிறது. அங்கே 450 குடும்பங்களில் 150-க்கு நிலமில்லை, அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள், சர்க்கார் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலியும் கிடைப்பதில்லை என்று அந்தப் பாடமே சொல்கிறது. நல்லதை நல்லது என்று சொல்வதில் நமக்குத் தயக்கமில்லை.

பரீட்சையில் என்ன எழுதுவது என்று பிள்ளைகள் கேட்பார்கள். புத்தகத்தில் உள்ளதை எழுதி முழு மதிப்பெண் வாங்கச் சொல்லுங்கள். தொழிலாளி வீட்டுப் பிள்ளை மதிப்பெண்ணை இழப்பதால் புரட்சி ஒன்றும் விரைந்து வந்துவிடாது.

சர்க்காரிடம் நாம் கேட்பது இரண்டு. பாடநூலில் காரணிகளின் இலக்கணத்துக்கு அடுத்த பக்கத்திலேயே 1952, 1956 சட்டங்களின் வரலாறு இடம்பெற வேண்டும். அறுவடைக் காலத்தில் ஒரு நாள், பொருளாதார வகுப்பைக் களத்துமேட்டில் நடத்த ஆசிரியருக்கு அனுமதி தரவேண்டும்.